ஒரே ஒரு ஆக்டின் மரபணு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் உயிரியல் எடுத்திருக்கிறாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியை விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம்.

"எத்தனையோ வியாதி இருக்க, ஈஸ்ட்டைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறாய்?" என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். செல்லுக்கு உள்சட்டகமாக இருக்கும் ஆக்டின் புரதத்தில் 375 அமினோ அமிலங்கள். ஈஸ்ட்டின் ஆக்டினையும் நம்முடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைய ஒன்றாகவே இருக்கும். ஆனால் மனிதனுக்கு ஆக்டின் மரபணுக்கள் ஆறு. ஒன்றைக் கெடுத்தால் இன்னொன்று ஓரளவு தாங்கிப் பிடிக்கும். ஈஸ்ட்டுக்கு இருப்பதோ ஒன்றே ஒன்று. அதில் கை வைத்தால் விளைவு உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

1980இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இந்த மரபணுவைப் பிரித்தெடுத்தன. டிக்டியோஸ்டீலியம் என்ற உயிரியின் ஆக்டின் டிஎன்ஏவை வைத்து, ஈஸ்ட் டிஎன்ஏ துண்டுகளில் அதோடு ஒட்டிக்கொள்வது எது என்று தேடினார்கள். 1982இல் ஷார்ட்டில், ஹேபர், பாட்ஸ்டைன் மூவரும் அந்த மரபணுவை உடைத்தே பார்த்தார்கள். இரண்டு பிரதிகள் உள்ள செல்லில் ஒன்றை மட்டும் உடைத்து, அதை ஸ்போர் (வித்துபோன்ற செல்) விட வைப்பது. ஒரு செல்லிலிருந்து நான்கு ஸ்போர்கள் வரும். நுண்ணோக்கியின் கீழ் கண்ணாடி ஊசியால் நான்கையும் பிரித்து அகார் தட்டில் வரிசையாக வைப்போம். சில நாளில் ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தடித்து நிற்கும், உடைந்த மரபணு போய்ச் சேர்ந்த மற்ற இரண்டு இடமும் வெறுமையாக இருக்கும். இதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

ஆனால் செத்துப்போன செல்லிடமிருந்து தெரிந்துகொள்ள அதிகம் இல்லை, முரளி. மரபணு அவசியம் என்று தெரியும், அவ்வளவுதான். பாதி கெட்ட செல்தான் நிறையச் சொல்லும். 25 டிகிரியில் வளர்ந்து, 37 டிகிரியில் நின்றுபோகிற மரபணுப் பிறழ்வுகள் அப்படிப்பட்டவை. இப்போது நாங்கள் தேடுவதும் அவற்றைத்தான்.

போன வாரம் கிடைத்த ஒன்றுக்கு, ஆக்டின் இழைகளில் ஒட்டிக்கொள்ளும் ஃபலாய்டின் சாயம் ஏற்றிப் பார்த்தோம். சாதாரண செல்லில் ஆக்டின் புள்ளிகள், புது செல்லாக வளரும் மொட்டில் குவிந்திருக்கும். தாய் செல்லில் இழைகள் மொட்டை நோக்கி நீளும். சூட்டில் வைத்த எங்கள் பிறழ்வு செல்லில் இழைகளே இல்லை. புள்ளிகள் தாய் செல் முழுக்கச் சிதறிக் கிடந்தன. எந்தப் பக்கம் வளர்வது என்று தெரியாததால் செல் உருண்டு பெருத்துவிட்டது. என் மாணவி அந்தத் திரையை விட்டு நகரவே இல்லை.

அப்புறம் இன்னொரு விஷயம். ஈஸ்ட்டின் ஆறாவது குரோமோசோமில் ஆக்டினுக்கும், இன்னொரு சட்டகப் புரதமான பீட்டா டியூபுலினுக்கும் நடுவே ஒரு மரபணு உட்கார்ந்திருக்கிறது. 1983இல் அதைப் படித்தபோது, மனிதப் புற்றுநோயோடு தொடர்புள்ள ராஸ் புரதத்தின் சாயல் அதில் தெரிந்தது. ஒய்பிடி1 என்று பேர் வைத்தார்கள். செல்லுக்குள் சரக்குப் பைகள் போகும் வழியை முறைப்படுத்துகிற ராப் குடும்பப் புரதங்களில் அது ஒன்று என்று பிறகு தெளிவானது. தேடிப் போனது ஒன்று, பக்கத்து வீட்டில் கிடைத்தது இன்னொன்று. வியாதியை விட்டுவிட்டோம் என்று இனி சொல்லமாட்டாயே!

அடுத்து, கெட்ட ஆக்டினோடும் 37 டிகிரியில் பிழைத்துக்கொள்ளும் செல்களைத் தேடப் போகிறோம். வேறொரு மரபணு மாறி ஈடுகட்டினால், அதன் புரதம் ஆக்டினைத் தொட்டு வேலை செய்வதாக இருக்கலாம். ஆக்டின் இழைகளைக் கட்டாகச் சேர்க்கும் ஃபிம்பிரின் வகையைச் சேர்ந்த எஸ்ஏசி6 இந்த வழியில்தான் அகப்பட்டது.

மகளுக்காகப் படங்கள் சில வைத்திருக்கிறேன். அவளுக்குக் கேள்வி வந்தால் நேராக எனக்கே எழுதச் சொல்.

அன்புடன்,
சேகர்