கட்டையனின் பில்

திருகோணமலை
29.05.2025

அன்புள்ள மச்சான்,

நாலு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. காரணம் சொன்னாலும் நீ நம்ப மாட்டாய், அதனால் திட்டிவிட்டு வாசி. நீ அனுப்பிய பார்சல் வந்தது. சொக்லேட் முழுவதையும் அம்மாவே முடித்தா. முழங்கால் வலி அப்படியேதான், ஆனால் கோயிலுக்கு நடப்பது குறையவில்லை. கச்சான் காற்று தொடங்கிவிட்டது, மத்தியானம் வெளியே போனவன் கருவாடாகத்தான் திரும்புவான். மற்றப்படி எல்லாரும் சுகம்.

இனி விஷயம். பில் வெளியே வந்துவிட்டது.

எந்த பில் என்று கேட்டால் உனக்கு மறதி வியாதி. 2013 ஏப்ரல், வான் பெர்சி அஸ்டன் வில்லாவுக்கு மூன்று கோல் போட்டு நம்முடைய மன்செஸ்டர் யுனைடெட்டுக்கு இருபதாவது லீக் பட்டத்தை எடுத்துத் தந்த இரவு. விடியும்வரை தூங்காமல் இருந்து, தேத்தண்ணிக் கடை திறந்ததும் போய்க் குந்தினோமே. அங்கே லிவர்பூல் பைத்தியமான கட்டையனின் வாயைக் கிண்டியது நீ. "யுனைடெட் 21 எடுக்க முன்னம் லிவர்பூல் 20 எடுத்தால், நாங்கள் இரண்டு பேரும் லிவர்பூல் ஜெர்சி போட்டுக்கொண்டு பத்திரகாளி அம்மன் கோயிலடியிலிருந்து கோட்டை வாசல்வரை நடப்போம்" என்று மூன்று பிளேன்ரீ, இரண்டு வடை பில்லின் பின்பக்கத்தில் எழுதியதும் நீதான். உன்னுடைய அந்தக் கோழிக் கிறுக்கல் எழுத்து. நான் கையெழுத்து மட்டும் போட்டேன். அப்போது அவர்களிடம் 18. கடைசியாக எடுத்தது 1990இல். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிரித்தோம். இரண்டு கிழமையில் நம்முடைய மனேஜர் பேர்கசன் விலகப்போவதாக அறிவித்தார். நீ அடுத்த வருடம் கனடாவுக்குப் பறந்தாய். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்தப் பில்லை அவன் லமினேற் பண்ணி வைத்திருக்கிறான், மச்சான். பன்னிரண்டு வருடம். வடையின் எண்ணெய்க் கறைகூட உள்ளே அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 27 ஞாயிறு. இங்கே இரவு ஒன்பது மணிக்கு லிவர்பூல்-ஸ்பர்ஸ் மேட்ச். முதலில் ஸ்பர்ஸ்தான் கோல் போட்டது, சொலங்கி. நான் கொஞ்சம் எழும்பி உட்கார்ந்தேன். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று வாங்கினார்கள், 5-1. சாலா தன்னுடைய கோலைப் போட்டுவிட்டு ஒரு போனை வாங்கி ரசிகர்களோடு செல்பி எடுத்தானே, அத்தோடு நான் ரிவியை நிறுத்திவிட்டேன். 20க்கு 20. நம்மிடம் மிச்சம் இருந்த ஒரே பெருமையும் போயிற்று.

இனிச் சொல்லப்போவதை வேறு யாருக்கும் சொல்லவில்லை. பதினொரு மணிபோல வாசலில் சைக்கிள் மணி கேட்டது. இரண்டு தரம். அந்த மணி யாருடையது என்று உனக்குத் தெரியும், ஊரில் அப்படி இருமுகிற மணி வேறில்லை. எழும்பிப் போய் விளக்கை நிறுத்திவிட்டுப் படுத்தேன். போன் வெளிச்சம் ஜன்னலில் ஒரு தரம் பட்டது. பிறகு போய்விட்டான். மனிசி "யாரப்பா?" என்று கேட்டதற்கு, "மானாயிருக்கும்" என்றேன்.

அடுத்த நாள் காலையில் பில்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தான். இரவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பில்லை மேசையில் வைத்தான், தேத்தண்ணி குடித்தான், எந்த நாள் வசதி என்று மட்டும் கேட்டான்.

சனிக்கிழமை பின்னேரம் நடந்தேன். ஜெர்சி அவனுடைய மகனுடையது, பதினான்கு வயதுப் பெடியனின் அளவு. முதுகில் சாலா 11. முன்பக்கம் தொப்புளுக்கு மேலே நின்றது. கோயில் வாசலில் பூக்கடை அக்கா "தம்பி கட்சி மாறியிட்டுதோ?" என்று கேட்டா. மைதானத்தடியில் மான்கள் படுத்திருந்தன. அதில் ஒரு கிழட்டு மான் எழும்பி வந்து பின்பக்கத்து நுனியைக் கடித்து இழுத்தது. பிளாஸ்டிக் பையையே தின்கிற மான், லிவர்பூலை விடுமா? கட்டையன் ரோட்டில் குந்திச் சிரித்தான். படமும் எடுத்தான். இங்கே இரண்டு குழுவுக்குப் போய்விட்டது, உனக்கு இன்னும் வராதது அதிசயம்.

கோட்டை வாசலை எட்டும்போதுதான் அவன் 2020ஐப் பற்றிக் கதைத்தான். முப்பது வருடம் காத்திருந்து பட்டம் கிடைத்த இரவு, இங்கே ஊரடங்கு. செல்சி சிற்றியை வென்று லிவர்பூலுக்குப் பட்டம் உறுதியானதும் தலையணைக்குள் வாயை வைத்துக் கத்தினானாம், மனிசி மூச்சு முட்டுகிறதோ என்று தண்ணீர் கொண்டு வந்தாவாம். "இந்த முறையாவது ரோட்டில நிண்டு கத்துவம் எண்டு வந்தனடா. ஞாயிறு ராத்திரி, ஒரு சனமில்லை. மானுகளுக்குத்தான் கத்திச் சொன்னன்" என்றான்.

எனக்கு அந்த ஜெர்சி அப்போதுதான் உண்மையாக இறுக்கியது. அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்னும் விளங்கவில்லை. தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சொல்ல மாட்டான். அதுதான் கொடுமை.

சரி, அவனுடைய சந்தோஷத்தை விடு, நம்முடைய நிலைமையைப் பார். 15ஆம் இடம்! 42 புள்ளி, 18 தோல்வி. 1974இல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய பிறகு இவ்வளவு கேவலமாக ஒரு வருடமும் இருந்ததில்லை. மனேஜர் அமோரிம் நவம்பரில் வந்ததிலிருந்து அதே 3-4-3 அமைப்புத்தான். ஆட்கள் அதற்குப் பொருந்தவில்லை என்று எங்கள் ஏகாம்பரம் மைதானத்துப் பெடியளுக்கே தெரிகிறது. பின்னால் மூன்று பேர், நடுவரிசை நாலு பேரில் இரண்டு பேர் ஓரத்துக்குப் போனால் மத்தியில் இரண்டே பேர், அந்த இரண்டு பேரையும் எதிரணி மூன்று பேரை வைத்துச் சுற்றிக்கொண்டு போகிறது. ஓட வேண்டிய இடத்தில் ஓட ஆளில்லை. கோல் வேண்டுமென்றால் பின்வரிசை மக்வயரை முன்னுக்கு அனுப்புகிறார், யோசித்துப் பார். அந்த மக்வயர்தான் யூரோப்பா லீக்கில் லியோனுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் காப்பாற்றினான். பெரிய வெள்ளி விடியற்காலை, நீ பார்த்திருப்பாய், உனக்குப் பகல்தானே! 2-0இல் முன்னுக்கு நின்று, 2-2 ஆக்கி, அவர்களில் ஒருவன் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போன பிறகும் 4-2க்குப் பின்தங்கி, ஏழு நிமிடத்துக்குள் மூன்று கோல். நான் கதிரையோடு சரிந்து விழுந்தேன். இப்படி ஒரு இரவைத் தந்துவிட்டு மற்ற நாளெல்லாம் கொல்லுகிற கிளப்பை எப்படி விடுவது, சொல்லு.

அதைவிட வயிறு எரிந்தது இத்தாலியில் நாப்போலியைப் பார்த்து. வேண்டாமென்று நாம் விற்ற மக்டோமினே, பட்டத்தைத் தீர்மானிக்கிற மேட்சில் பறந்து அடிக்கிறான். இரண்டாவது கோல் லுக்காகு. இரண்டு பேரும் நம்முடைய பழைய ஆட்கள். அன்று இரவு இரண்டு மணிக்கு வெளியே வந்து கிணற்றடியில் நின்றேன். மனிசி தேடி வந்தா, நல்லவேளை கிணற்றுக்கு மூடி போட்டிருக்கிறோம்.

ஆனால் ஸ்பர்ஸோடு ஆடிய பில்பாவோ இறுதிப் போட்டியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அப்போது பதினாறாவதாக நின்றவனும் பதினேழாவதாக நின்றவனும் யூரோப்பா லீக் கிண்ணத்துக்கு அடிபடுகிறார்கள் என்று கட்டையன் அந்தக் கிழமை முழுக்கப் பகிடி. அன்று இரவு பன்னிரண்டுக்கு மறுபடி சைக்கிள் மணி. இந்தத் தரம் மணி அடங்க முன்னம் கேற்றைத் திறந்தேன். பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டு வந்திருந்தான். "உன்ர அழுகையைப் பக்கத்தில இருந்து பார்க்கத்தான் வந்தனான்" என்று பிரம்புக் கதிரையைப் பிடித்துக்கொண்டான். பிரெனன் ஜோன்சன் போட்டது ஒரு கோலா? நம்முடைய ஷோவின் மேலே பட்டு உருண்டு போன பந்து. அவன் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணியை ஊற்றினான். பிறகு இரண்டாவது பாதியில் ஹோய்லுண்ட் தலையால் அடித்தது உள்ளே போகிறது, போய்விட்டது என்று நான் எழும்பிவிட்டேன், அந்த வான் டெ வென் கோட்டிலிருந்து அந்தரத்தில் கால் தூக்கி வெளியே அடிக்கிறான். அப்போது "ஐயோ!" என்று ஒரு சத்தம். நான் போட்டதல்ல.

திரும்பிப் பார்த்தேன். கட்டையன் கிளாசைக் கையில் பிடித்தபடி ரிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். தேத்தண்ணி சாரத்தில் ஊற்றுப்பட்டிருந்தது. சுட்டுவிட்டதாம், அதற்குத்தான் ஐயோவாம். பிளாஸ்கில் வந்த தேத்தண்ணி ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு சுடுமா, நீயே சொல்லு. அடுத்த நாள் கேட்டேன், சத்தியம் பண்ணி மறுக்கிறான். என் மகனையும் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவன் மெஸ்ஸியின் ரோசா நிற ஜெர்சியோடு நித்திரையிலிருந்து எழும்பி வந்து, "ரெண்டு பேருக்கும் விசர்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனான். ஆம், ரோசா நிறம். உன் பெறாமகன்தான். நான் அதைப் பற்றிக் கதைக்கிற நிலையில் இல்லை.

தோற்றுவிட்டோம், வருகிற வருடம் ஐரோப்பாவே இல்லை. புதன், வியாழன் இரவுகளில் ஒழுங்காக நித்திரை கொள்ளலாம் என்று மனிசி மட்டும் சந்தோஷம்.

அப்புறம், உன்னுடைய பங்கு. பில்லில் "இரண்டு பேரும்" என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. ஓகஸ்டில் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருந்தாய் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லித் திரிகிறா, கட்டையனுக்கும் தெரிந்துவிட்டது. ரொறன்ரோவில் நடந்து படம் அனுப்பினால் கணக்கில் எடுக்க மாட்டானாம், கோயிலடியிலிருந்துதானாம். அளவு கேட்டான். நீ பழைய உடம்புதான் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன், அதனால் தன் மகனின் ஜெர்சியையே துவைத்து மடித்து எடுத்து வைத்துவிட்டான். பின்பக்கம் மான் கடித்த இடத்தை மட்டும் தைக்கவில்லை.

அன்புடன்,
சோத்துப் பார்சல்