நதாலி ஆர்ம்புரூஸ்டருக்கு ஒரு பந்தயம் கொடுங்கள்: சர்வதேச ஒலிம்பிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச ஒலிம்பிக் குழுத் தலைவர் கிர்ஸ்டி கவென்ட்ரி அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2025 மார்ச்சில் ஜெர்மனியின் நதாலி ஆர்ம்புரூஸ்டர், ஸ்கி ஜம்பும் பனிச்சறுக்கு ஓட்டமும் சேர்ந்த நார்டிக் கம்பைண்டு விளையாட்டின் உலகக் கோப்பையில் ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றார். அப்போது அவருக்கு வயது 19. ஆனால் 2026 மிலான்-கோர்டினா ஒலிம்பிக்கில் அவர் இறங்க ஒரு பந்தயம்கூட இல்லை. அடிபட்டுப் படுத்திருந்தார் என்றோ, தகுதிச் சுற்றில் தோற்றார் என்றோ இதற்குக் காரணம் சொல்ல முடியாது. இந்த விளையாட்டில் பெண்களுக்கு இடம் தருவதில்லை என்று 2022 ஜூனிலேயே உங்கள் குழு முடிவு செய்துவிட்டது. குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்கள் இல்லாத ஒரே விளையாட்டு இதுதான்.

இதைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதலில் ஸ்கி ஜம்ப். நீளமான, அகலமான பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு சரிவில் வேகமெடுத்து, விளிம்பில் எழும்பிப் பறக்க வேண்டும். பலகைகள் V வடிவில் விரிய, உடம்பு முன்னால் சாய்ந்து காற்றின் மேல் படுத்தது போல இருக்கும். எவ்வளவு தூரம், எவ்வளவு அழகாக என்பதற்குப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் அப்புறம் நேரமாக மாறும். வழக்கமான தனிநபர் பந்தயத்தில் 15 புள்ளி பின்தங்கினால், பனிச்சறுக்கு ஓட்டத்தில் ஒரு நிமிடம் தாமதமாகக் கிளம்ப வேண்டும். இப்போது காலில் இருப்பது மெல்லிய, லேசான வேறு பலகைகள். முன்னால் போனவரைத் துரத்திப் பிடிக்க வேண்டும். யார் முதலில் கோட்டைத் தொடுகிறாரோ அவரே வெற்றியாளர். பறப்பதற்கு எடை குறைவாக இருக்க வேண்டும், ஓடுவதற்குத் தொடையும் நுரையீரலும் பலமாக இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இந்த இரண்டையும் ஒரே உடம்பில் வளர்க்கப் பல வருடங்கள் ஆகும்.

ஆர்ம்புரூஸ்டர் ஜெர்மனியின் கருங்காட்டு (Black Forest) மலைப் பகுதியில் உள்ள க்னீபிஸ் கிளப்பிலிருந்து வந்தவர். அதே கருங்காட்டின் ஹின்டர்சார்டனில் ஸ்கியில் போய்த் தபால் கொடுத்துக்கொண்டிருந்த கெயார்க் தோமா, 1960 ஸ்குவா வேலி ஒலிம்பிக்கில் நார்டிக் கம்பைண்டு தங்கம் வென்றார். வட ஐரோப்பியர் அல்லாத ஒருவர் இந்தத் தங்கத்தைத் தொட்டது அதுதான் முதல் முறை. அப்புறம் கிழக்கு ஜெர்மனியின் உல்ரிஷ் வேலிங் 1972, 1976, 1980 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் தனிநபர் தங்கத்தை விடவே இல்லை.

ஜெர்மனியின் எரிக் ஃபிரென்சலைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. 2013 முதல் 2017 வரை தொடர்ந்து ஐந்து முறை உலகக் கோப்பை அவர் கையில்தான் இருந்தது. ஆனாலும் அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது சோச்சியும் பியோங்சாங்கும்தான். 21 வயதில் வான்கூவரில் அணி வெண்கலத்தோடு தொடங்கினார். 2014இலும் 2018இலும் நார்மல் ஹில் (சிறிய ஜம்ப் மேடை) தங்கம் வென்றார். 2018இல் அணித் தங்கமும் சேர்ந்தது. அந்த வருடத் தொடக்க விழாவில் ஜெர்மனியின் கொடியைப் பிடித்து நடந்ததும் அவரே. 2022 பெய்ஜிங்கில் கொரோனா தொற்றால் தனிமையில் கிடந்து, வெளியே வந்து அணியோடு வெள்ளி வென்றார். மொத்தம் ஏழு ஒலிம்பிக் பதக்கங்கள். இதை எல்லாம் எடுத்துவிட்டால் ஃபிரென்சல் எத்தனை பேருக்குத் தெரிந்திருப்பார்? அதே நாட்டில், அதே விளையாட்டில், அதே உலகக் கோப்பையை வென்ற ஒரு பெண்ணுக்கு நீங்கள் இதுவரை கொடுத்திருப்பது அந்த வெற்றிடத்தைத்தான்.

2022இல் நீங்கள் சொன்ன காரணங்களை நான் கவனமாகவே படித்தேன். முந்தைய மூன்று ஒலிம்பிக்கில் 27 பதக்கங்களையும் நான்கே நாடுகள் பகிர்ந்துகொண்டன, பார்வையாளர்கள் குறைவு என்றீர்கள். சரி, அந்த 27 பதக்கங்களும் யார் வென்றவை? எல்லாமே ஆண்கள் வென்றவை. பார்வையாளர் கணக்கும் ஆண்களின் பந்தயங்களுக்கானது. ஆண்களின் கணக்கைக் காட்டிப் பெண்களை வெளியே நிறுத்துவது என்ன நியாயம்? பெண்களின் முதல் உலகக் கோப்பைப் பந்தயத்தை 2020 டிசம்பரில் ராம்சாவில் வென்றவர் அமெரிக்காவின் டாரா கெராட்டி-மோட்ஸ்; உங்கள் நான்கு நாட்டுப் பட்டியலில் அமெரிக்கா இல்லை. இன்னொன்று: 2022 பெய்ஜிங்கில் லூஜ் (பனித்தடத்தில் சறுக்குவண்டிப் பந்தயம்) தங்கம் நான்கையும் ஜெர்மனி ஒன்றே அள்ளிக்கொண்டு போனது. அதற்காக லூஜை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

பங்கேற்கும் நாடுகள் குறைவு என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுக்கு எந்த அரசு பணம் ஒதுக்கும்? பயிற்சியாளர் எங்கிருந்து வருவார்? நாடுகள் வந்த பிறகு இடம் தருகிறோம் என்று நீங்கள் சொல்ல, இடம் கிடைத்த பிறகு வருகிறோம் என்று அவர்கள் சொல்ல, நடுவில் மாட்டிக்கொள்வது பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள்.

ஸ்கி ஜம்பிலும் இதையே பார்த்தோம். 2010 வான்கூவரில் இடம் கேட்டுப் பெண்கள் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். நான்கே வருடத்தில், சோச்சியில், கதவு திறந்தது. முதல் தங்கத்தை வென்றவர் ஜெர்மனியின் கரினா ஃபோக்ட். இன்று பெண்கள் இல்லாத ஒலிம்பிக் ஸ்கி ஜம்பை யாராவது யோசிப்பார்களா?

அமெரிக்காவின் அனிகா மலாசின்ஸ்கியும் அவர் தம்பி நிக்லஸும் இதே விளையாட்டில் இருக்கிறார்கள். தம்பிக்கு ஒலிம்பிக் வாசல் திறந்திருக்கிறது, அக்காவுக்கு இல்லை. அந்த வீட்டில் இதை என்னவென்று விளக்குவது?

கவென்ட்ரி அவர்களே, நீங்கள் ஏதென்ஸிலும் பெய்ஜிங்கிலும் 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் தங்கம் வென்றவர். ஒலிம்பிக் இல்லாமல் உங்கள் நீச்சல் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 2030 பிரெஞ்சு ஆல்ப்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஒரு தனிநபர் பந்தயம் வேண்டும். கூடவே, ஆண்களின் அணிப் பந்தயத்தைக் கலப்பு அணியாக மாற்றுங்கள். 2023 பிளானிட்சா உலகச் சாம்பியன்ஷிப்பில் இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் என்று அதை ஓட்டியும் காட்டிவிட்டார்கள். ஆண்களின் பந்தயங்களைக் கைவிட்டு, இதுவும் ஒரு சமத்துவம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். தோமாவும் வேலிங்கும் ஃபிரென்சலும் கட்டியதை இடித்துவிட்டால், ஆர்ம்புரூஸ்டர் வந்து சேர ஓர் இடமே இருக்காது.

2030 பிப்ரவரியில் அவருக்கு 24 வயது இருக்கும். அதற்கான பயிற்சியை இப்போதே திட்டமிட வேண்டும். அதனால் உங்கள் பதிலைக் கடைசி நேரம் வரை இழுக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நார்டிக் கம்பைண்டு ரசிகர் ஒருவர்