அடுக்குகள் நகராமல் இருக்க: குவில்ட் தைப்பவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தைத்து முடித்த குவில்டை, அதாவது நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் மூன்றடுக்குப் போர்வையை, திருப்பிப் பார்த்தால் அடித்துணியில் சுருக்கம் விழுந்திருக்கிறது, மெஷினில் ஏதாவது கோளாறா என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். பெரும்பாலும் மெஷின்மேல் குற்றமில்லை. மேல்துணி, நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் தைப்பதற்கு முன் சரியாகப் பிணைக்காததுதான் காரணம்.

நூலோட்டம் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்), ஊக்கு, ஸ்ப்ரே பசை என எந்த முறையில் பிணைத்தாலும் விரிப்பது ஒரே மாதிரிதான். அடித்துணியும் பஞ்சும் நான்கு பக்கமும் 3 அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். அடித்துணியை இஸ்திரி போட்டு, நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். மடிப்பு நீங்கும் அளவுக்கு இழுத்தால் போதும். விறைப்பாக இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் துணி தன் பழைய அளவுக்குத் திரும்பிச் சுருங்கிவிடும். அதன்மேல் பஞ்சு, அப்புறம் மேல்துணி. ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் நீவிவிடுங்கள்.

துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தில் மாட்டிக் கையால் தைப்பவர்களுக்கு நூலோட்டம்தான் நல்லது; ஊக்கு வளையத்தில் இடிக்கும். நூலை நீளமாக எடுத்து, பாதியை அப்படியே விட்டுவிட்டு, முடிச்சுப் போடாமல் நடுவிலிருந்து ஓரம்வரை 2 அங்குலத் தையலாக ஓட்டுங்கள். பிறகு மீதிப் பாதியை ஊசியில் கோத்து எதிர்ப்பக்கம் போங்கள். வரிகளுக்கு இடையே 4 அங்குலம் விடலாம். இடது கையில் ஒரு டீஸ்பூனை வைத்து, ஊசி வெளியே வரும் இடத்தில் துணியை அழுத்திப் பிடித்தால், ஊசிமுனை ஸ்பூன் விளிம்பில் ஏறித் தானாக மேலே வரும். விரல் தப்பிக்கும். அடர்நிற நூல் வேண்டாம், சாயம் ஒட்டலாம். வெளிர்நிறப் பருத்தி நூல் போதும். முதுகு வலிக்கும் வேலைதான். ஆனால் செலவு குறைவு, பிணைப்பும் உறுதி. எங்களுக்குப் பிடித்த முறை இதுதான்.

மெஷினில் தைப்பவர்கள் ஊக்கு குத்தலாம். வளைந்த ஊக்கு மூன்று அடுக்கையும் தூக்காமல் உள்ளே போய் வெளியே வரும். ஒரு கை அகலத்துக்கு ஒன்று என்று, தையல் கோடு போகும் இடத்தை விட்டுக் குத்துங்கள். எல்லாவற்றையும் குத்தி முடித்த பிறகே மூடுங்கள். ஒவ்வொன்றாக மூடினால் துணி நகரும். தைக்கும்போது ஊசி நெருங்குவதற்குள் ஊக்கைக் கழற்றிவிட வேண்டும். ஊக்கு குத்திய குவில்டை மாதக்கணக்கில் பரணில் போட்டுவிடாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஊக்கு துருப்பிடித்தால் அந்தக் கறை எளிதில் போகாது.

ஸ்ப்ரே பசை வேகமானது, சிறிய குவில்டுக்கு வசதியானது. துணிக்கான தற்காலிகப் பசைதானா, துவைத்தால் போகுமா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். இது தீப்பற்றக்கூடியது. அடுப்பு, பூஜை விளக்கு எதுவும் எரியக் கூடாது. ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்தி, சுற்றிலும் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு அடியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் நாங்கள் இதைச் சொல்லவே மாட்டோம்.

நூல், ஊக்கு, பசை மூன்றையும் வாங்கிக் குவிக்கத் தேவையில்லை. கையால் தைக்கிறீர்களா, மெஷினிலா, குவில்டின் அளவு என்ன என்று கடையில் சொல்லுங்கள். 60க்கு 80 அங்குலம் என்றால் 4 அங்குலத்துக்கு ஒன்றாக ஏறக்குறைய 300 ஊக்கு வேண்டியிருக்கும். அதற்குக் குறைவாக வாங்கிப்போய்ப் பாதியில் நிற்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் துணிக்கடையினர்