கருமுட்டையின் வயதைக் குறைக்கும் மாத்திரை இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த, தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தணிக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள் முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்ணின் கருமுட்டையை மீண்டும் இளமையாக்கும் என்ற பொருள்பட அமைந்த கட்டுரையைப் படித்தேன். பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாணவிகளுக்கு விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், இத்தகைய மாத்திரைகளை நம்பிப் பதினான்கு மாதங்களை இழந்த ஒரு பெண்ணுக்குப் பெரியம்மா என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கட்டுரையில் உள்ளது முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. உயிரணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா ஆற்றலை உண்டாக்கும்போது, எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் உடன் தோன்றுகின்றன. அவை உயிரணுவின் கொழுப்பையும் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் சேதப்படுத்துகின்றன, அச்சேதம் சேர்ந்து சேர்ந்தே முதுமை வருகிறது என்ற கருத்தை அமெரிக்க அறிஞர் டென்ஹாம் ஹார்மன் 1956-இல் முன்வைத்தார். முதிர்ந்த கருமுட்டை ஒன்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மைட்டோகாண்ட்ரியாக்கள் இருப்பதால், அச்சேதம் அங்கே ஏற்படாது என்று எவரும் வாதிட முடியாது. ஆனால் கருமுட்டையின் முதுமை அந்த ஒரு காரணத்தால் மட்டும் வருவதில்லை. கட்டுரை தொடாமல் விட்ட பகுதியும் அதுதான்.

பெண் சிசு தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது அதன் சினைப்பைகளில் அறுபது முதல் எழுபது லட்சம் கருமுட்டை அணுக்கள் உள்ளன. பிறக்கும்போது அவை பத்து முதல் இருபது லட்சமாகவும், பூப்பெய்தும்போது ஏறத்தாழ மூன்று, நான்கு லட்சமாகவும் குறைந்துவிடுகின்றன. பிறந்த பின் புதிதாக எதுவும் உண்டாவதில்லை. ஆகவே நாற்பது வயதுப் பெண்ணிடமிருந்து இம்மாதம் வெளிவரும் கருமுட்டைக்கும் வயது நாற்பதுதான். குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவு கருவிலேயே தொடங்கி, அதன் முதற்கட்டத்தில் பாதி வழியில் நின்றுபோன அந்த அணு, அத்தனை ஆண்டுகளும் அதே நிலையில் காத்திருந்து, வெளிவரும் தறுவாயில்தான் பிரிவைத் தொடர்கிறது. அதுவரை, மரபுச் செய்தியைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களை இணையாகப் பிடித்து வைத்திருப்பது கோஹெசின் என்னும் புரதம். கருப் பருவத்தில் பூட்டப்பட்ட அந்தப் புரதம் பின்னாளில் போதிய அளவு புதுப்பிக்கப்படுவதில்லை என்று சுண்டெலி ஆய்வுகள் காட்டுகின்றன. பத்தமடையில் பாய் நெய்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: பாவு நூல் இற்றுப்போன பிறகு கோரையை எவ்வளவு பதமாக ஊறவைத்தாலும் பாய் பிரிந்துதான் போகும். அப்படிப் பிடி தளர்ந்த குரோமோசோம்கள் தவறாகப் பிரிவதால்தான் கருச்சிதைவும், ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் நோய்க்குறியும் தாயின் வயதோடு கூடுகின்றன. இருபத்தைந்து வயதில் ஏறத்தாழ 1,250 பிறப்புகளுக்கு ஒன்றாக இருக்கும் டவுன் நோய்க்குறி, நாற்பது வயதில் ஏறத்தாழ 100-க்கு ஒன்றாகிறது. ஆக்சிஜன் மூலக்கூறுகளும் இந்தத் தளர்ச்சியை விரைவுபடுத்தக்கூடும் என்பது உண்மையே. எனினும் தளர்ந்ததை மாத்திரை மீண்டும் இறுக்கிக் கட்டும் என்பதற்குச் சான்று இல்லை.

கருமுட்டை தன்னைத் தானே எவ்வாறு காத்துக்கொள்கிறது என்பதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம். பார்சிலோனா ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உறங்குநிலையில் உள்ள இளம் கருமுட்டைகள், மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றலை உண்டாக்கும் புரதத் தொடரான சுவாசச் சங்கிலியில் இத்தகைய மூலக்கூறுகள் பெரிதும் தோன்றும் முதல் கண்ணியையே செயல்படாமல் அடக்கி வைத்துவிடுகின்றன. மனிதரிடமும் தவளையிடமும் இதைக் கண்டிருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ ஆண்டுகள் தவளையின் சினைப்பையை மாணவிகளுக்குக் காட்டிய எனக்கு, அதிலுள்ள இளம் கருமுட்டைகளுக்குள் இப்படி ஒரு பாதுகாப்பு இருந்தது என்று அறிந்தபோது உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை.

கட்டுரையாளர் சான்றாகக் காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் சுண்டெலிகளில் நடந்தவை. அதை அவர் வாசகருக்குச் சொல்லவில்லை. வைட்டமின் சி, ஈ இரண்டும் முதிய சுண்டெலிகளின் கருமுட்டைக்கு நன்மை செய்தன என்று 1998-இல் கண்டறிந்த ஸ்பெயின் நாட்டுக் குழுவே, அவற்றை மிகுந்த அளவில் ஊட்டினால் ஈனும் குட்டிகள் குறைந்து சினைப்பையும் கருப்பையும் குன்றுகின்றன என்று 2002-இல் எழுதியது. ஆக்சிஜன் மூலக்கூறுகள் இல்லாமல் கருமுட்டை வெளிவருவதே தடைப்படுகிறது என்று இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2011-இல் சுண்டெலிகளில் காட்டினர். நாம் பகையென்று எண்ணி ஒழிக்க முனைவது உடலுக்கு வேண்டிய ஏவலாளாகவும் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா ஆற்றலை உண்டாக்க உதவும் கோஎன்சைம் கியூ10 என்ற பொருள் முதிய சுண்டெலிகளுக்கு உதவியது என்பது 2015-இல் வந்த நல்ல ஆய்வுதான். ஆனால் அதே பொருளைப் பெண்களிடம் சோதித்த ஒரு சிறு ஆய்வு இடையிலேயே நின்றுபோனது, அதில் தெரிந்த வேறுபாடும் உறுதி சொல்லப் போதுமானதாக இல்லை. பெண்களிடம் நடந்த 63 ஆய்வுகளைத் திரட்டி 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, பயன் இருக்கக்கூடும் என்று சொன்னாலும், அதற்கான சான்று தரத்தில் தாழ்ந்தது என்றே முடிக்கிறது. ‘இளமை திரும்பும்’ என்ற தலைப்புக்கு இவற்றில் எங்கும் இடமில்லை.

என் தங்கை மகளுக்குத் திருமணமானபோது வயது முப்பத்து நான்கு. ஓராண்டாகியும் கரு தங்காததால், யாரோ சொல்லக் கேட்டு, கருமுட்டையின் தரத்தை உயர்த்தும் என்று விற்கப்பட்ட மாத்திரைகளை மாதம் தவறாமல் வாங்கிச் சாப்பிட்டாள். புட்டியின் மேலேயே ‘மருந்தாகப் பயன்படுத்த அல்ல’ என்று அச்சிட்டிருந்ததை நான்தான் அவளுக்குக் காட்டினேன். உணவுத் துணைப்பொருள் என்ற உரிமத்தில் விற்கப்படுவதால் அந்த வாசகம் கட்டாயம். பணம் போனதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். மாத்திரை வேலை செய்யட்டும் என்று காத்திருந்ததில் பதினான்கு மாதங்கள் எந்தப் பரிசோதனையும் இல்லாமல் கழிந்தன. பிறகு பார்த்தபோது கருக்குழாய்களில் ஒன்று அடைபட்டிருந்தது. கணவரின் விந்தணு எண்ணிக்கையும் குறைவு. இவ்விரண்டுக்கும் அந்தப் புட்டிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் அந்தப் பதினான்கு மாதங்களும் கருமுட்டை பெயரைச் சொல்லி அவள் மீதே பழி சுமத்தப்பட்டது, அதுவும் வீட்டிலுள்ள பெண்களாலேயே.

நெல்லிக்காயும் கொய்யாவும் முருங்கைக்கீரையும் சாப்பிடுவதை நான் தடுக்கவில்லை; அவை உடலுக்கு நல்லவை, விலையும் குறைவு. ஆனால் கருமுட்டைக்குச் செய்யக்கூடிய உறுதியான நன்மை ஒன்று உண்டு, அது புகையிலையை விலக்குவது. புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயது ஓரிரு ஆண்டுகள் முன்னதாக வருகிறது என்பது பல ஆய்வுகளில் நிலைபெற்ற செய்தி. நம் திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் பெண்கள் புகைப்பது அரிது. ஆயினும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு விடியலிலிருந்து பீடி சுற்றும் பெண்கள் எத்தனை ஊர்களில் இருக்கிறார்கள் என்பது தங்கள் நிருபர்களுக்குத் தெரியும். புகையிலைத் தூளை அவர்கள் சுவாசிக்கிறார்கள். நிகோட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். ஆன்டிஆக்ஸிடன்ட் பற்றி அரைப் பக்கம் எழுதிய இதழ், முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் வாழும் அந்தப் பெண்களுக்காகவும் நாலு வரி எழுதியிருக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இனி இத்தகைய கட்டுரையை வெளியிடும்போது, ஆய்வு நடந்தது விலங்கிலா மனிதரிலா, எத்தனை பேரிடம், முடிவில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த இதழிலேயே, முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் ஓராண்டும், அதைக் கடந்தவர்கள் ஆறு மாதமும் முயன்று கரு தங்காவிட்டால், நாற்பதைக் கடந்தவர்கள் காத்திராமலும், கணவனும் மனைவியுமாக மகப்பேறு மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்ற செய்தியை, மாத்திரைக் கட்டுரை வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை,
பாளையங்கோட்டை.