வெள்ளிக்குத் தன் டச் தெரியாது

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
ஆடி 12

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, கொலுசு ஆர்டரும் இல்லை, உடனே பதில் போட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். ஆர்டர் இல்லாத மாதத்தில்தான் விருந்தாளிகள் வருவார்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு மச்சினன் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டான். குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையை, அந்த அலங்கார வண்டி ஊர்வலத்தைப் பார்க்காமல் ஊருக்குப் போவதில்லை என்று அவன் பிள்ளைகள் அடம் பிடிக்கிறார்கள். வெள்ளி விலையைப் பற்றி மட்டும் கேட்காதே. அதை எழுத ஆரம்பித்தால் வேறு எதையும் எழுத மனசு வராது.

உன் மகள் கயல் செஸ் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூடவே ஒரு தீர்ப்பும் எழுதியிருந்தாய். செஸ்ஸோ செல்போன் கேமோ, ஆட்ட பலத்தைச் சொல்லும் ரேட்டிங் என்கிற இந்த எண்ணை ஆடுகிறவர்களுக்குக் காட்டவே கூடாது, கம்ப்யூட்டர் தனக்குள் வைத்துக்கொள்ளட்டும் என்று. பாதி சரி என்று எனக்குப் படுகிறது. மீதிப் பாதிக்குத்தான் இத்தனை பக்கம்.

முதலில் கயல். 2024 மார்ச்சில் உலக செஸ் சங்கமான ஃபிடே செய்த வேலை உனக்கு நினைவிருக்கும். ரேட்டிங்கின் அடிமட்டத்தை 1000-லிருந்து 1400-க்குத் தூக்கினார்கள். 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ஒரே நாளில் புள்ளி கூட்டிக் கொடுத்தார்கள். 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ, அதில் பத்துக்கு நான்கு பங்கு. கயல் அப்போது 1150. விடிந்தபோது 1490. நீ ஃபோன் செய்தாயே, உன் குரலே மாறிப்போயிருந்தது! ஒரு சிப்பாயைக்கூட நகர்த்தாமல் 340 புள்ளி. அன்றைக்கு அவள் ஆட்டம் ஒரு துளியும் வளரவில்லை. அப்படியென்றால் பிறகு 1430-க்கு இறங்கியபோது மட்டும் ஆட்டம் தேய்ந்துவிட்டது என்று ஏன் அழ வேண்டும்?

இன்னொன்றையும் அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு. சம பலமுள்ள ஒருவரிடம் அவள் தோற்றால் 20 புள்ளி போகும். பழைய ரேட்டிங்காரனான என் வயசுக்காரன் ஒருவன் தோற்றால் 10 தான் போகும். பிள்ளைகள் வேகமாக முன்னேறுவார்கள், எண்ணும் அவர்களோடு ஓட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கணக்காகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் மூன்று ஆட்டம் தோற்றுவிட்டு வெளியே வரும் பெண்ணுக்கு 60 புள்ளி போனது மட்டும்தான் தெரியும்.

இந்தக் கணக்கைப் போட்ட ஆள் அர்பாட் எலோ. ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவில் இயற்பியல் பாடம் நடத்தியவர். அமெரிக்க செஸ் சங்கம் 1960-ல் அவர் முறையை எடுத்துக்கொண்டது, ஃபிடே 1970-ல். அந்த எண் சொல்வது ரொம்பச் சின்ன விஷயம். எதிராளியைவிட 200 புள்ளி கூட இருந்தால் நான்கு ஆட்டத்தில் சுமார் மூன்று உனக்கு. 400 கூட இருந்தால் பதினொன்றில் பத்து. அவ்வளவுதான். அவரே இந்த அளவையைப் பற்றிச் சொன்னது எனக்குப் பிடிக்கும்: தண்ணீரில் ஏறி இறங்கும் தக்கை எங்கே இருக்கிறது என்பதை, கயிற்றில் கட்டிக் காற்றில் ஆடும் அளவுகோலால் அளப்பது போன்றதாம் இது.

போன ஞாயிறு மச்சினன் பிள்ளைகளை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போயிருந்தேன். ஏரியில் படகு மிதிக்கும்போது பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பந்து மிதந்துகொண்டிருந்தது. எங்கள் படகு கிளப்பிய அலையிலேயே அது ஏறி இறங்கியது. எலோ ஞாபகம் வந்து நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து, மச்சினன் பெண்டாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

என் கதையையும் சொல்கிறேன், சிரிக்காதே. இரவு பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து செல்லில் பத்து நிமிட செஸ் ஆடுவது உனக்குத் தெரியும். ஒன்றரை வருஷம் உருண்டு புரண்டு, மாட்டுப் பொங்கலன்று 1600-ஐத் தாண்டினேன். 1603. திரையை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொண்டேன். மறுநாள் ஆடவில்லை. அதற்கு மறுநாளும் ஆடவில்லை. ஆடினால் போய்விடுமே! மூன்று வாரம் அடுத்தவன் ஆட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு, கோழி முட்டையை அடைகாப்பது போல 1603-ஐ அடைகாத்தேன்.

அப்புறம் ஒரு திருட்டு வேலை செய்தேன். வேறு பெயரில் இன்னொரு ஐடி. அங்கே பயமே இல்லை, குதிரையைப் பலி கொடுப்பேன், ராணியைத் தூக்கி எறிவேன். நாற்பது ஆட்டம் முடிந்தபோது அந்த ஐடி எங்கே வந்து நின்றது தெரியுமா? 1588. ஒரே கொலுசை இரண்டு தராசில் போட்டது மாதிரி. பதினைந்து புள்ளியெல்லாம் ஒரு வித்தியாசமா? நாணயத்தைச் சுண்டி ஜெயிப்பு தோற்பு முடிவு செய்தாலும், இருபது ஆட்டத்தில் நாற்பது புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போவது சர்வ சாதாரணம். அந்த எண்ணை நான் காப்பாற்ற வேண்டியதே இல்லை, அது பாட்டுக்கு அங்கேயேதான் இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நம் தொழிலில் தினமும் டச் பார்க்கிறோம், நூற்றுக்கு எவ்வளவு சுத்த வெள்ளி என்று. 80 டச் கொலுசை மெஷினில் வைத்தால் 80 காட்டும். காட்டிவிட்டார்களே என்று கொலுசு பயந்து 78 ஆகிவிடாது. என்னை வைத்தால் நான் 78 ஆகிவிடுகிறேன். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

உன் யோசனையையும் செய்து பார்த்தேன். லீசெஸ் என்கிற செஸ் தளத்தில் ரேட்டிங்கை நாமே மறைத்துக்கொண்டு ஆடலாம். கணக்கு உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும், நம் கண்ணுக்குப் படாது. ஒரு மாதம் மறைத்து வைத்தேன். முதல் வாரம் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருந்தது. இரண்டாவது வாரம் வரிசையாக ஐந்து தோல்வி. அப்போது மனசு தானாக ஒரு எண்ணைப் போட ஆரம்பித்தது. 1500-க்கு வந்திருப்போம், இல்லை 1450, வயசாகிறது, மூளை மழுங்குகிறது... மாதக் கடைசியில் திறந்து பார்த்தால் ஒன்பது புள்ளிதான் குறைந்திருந்தது. காட்டாமல் விட்டால் எண் காணாமல் போவதில்லை முருகேசா, நாமே அதைவிட மோசமான ஒன்றை எழுதிக்கொள்கிறோம். கயலுக்கு எண்ணை மறைத்தால் அவள் பக்கத்து மேசைப் பையன்களைப் பார்த்து எழுதிக்கொள்வாள்.

அந்த ஒரு மாதத்தில் வேறு ஒரு லாபம் கிடைத்தது. எதிராளியின் எண்ணும் தெரியவில்லை. முன்பெல்லாம் 1720 என்று பார்த்தாலே காய்களை வெட்டித் தள்ளி டிராவுக்கு ஓடுவேன். 1400 என்று பார்த்தால் அலட்சியம். ஒரு முறை 1700-க்கு மேல் இருந்த ஒருவனிடம் நானே டிரா கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எனக்கு ஒரு யானை சும்மா கிடைக்க வேண்டிய இடம்! பலகையைப் பார்க்காமல் பலகைக்கு மேலே இருந்த நாலு இலக்கத்தைப் பார்த்திருக்கிறேன். மறைக்க வேண்டியது அதைத்தான் என்று நினைக்கிறேன். ஆட்டம் முடியும் வரைக்கும் எதிராளியின் எண்ணை மூடி வை. முடிந்ததும் இரண்டையும் காட்டு.

இனி செல்போன் கேம். என் பையன் அருண் பிளஸ் டூ, அவனுக்கு ஐந்து பேர் சேர்ந்து சுடுகிற ஒரு விளையாட்டு. அதில் எண் கிடையாது, பதக்கம். வெண்கலம், சில்வர், கோல்டு என்று மேலே போகும். நம் வீட்டில் மூன்று தலைமுறையாக வெள்ளிதான் சோறு போடுகிறது, அங்கே சில்வர் என்றால் கேலி. "டேய் சில்வரு, ஓரமாப் போய் நில்லுடா" என்று யாரோ ஒரு பொடியன் கத்தியது அவன் ஹெட்செட்டைத் தாண்டி எனக்கே கேட்டது. ராத்திரி ஒரு மணி. பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐந்து பேர் ஆடித் தோற்றதற்கு ஒருவன் தலையில் பழி. இதில் உன் கட்சிதான் நான். கூட ஆடுகிறவனின் பதக்கத்தை எல்லோருக்கும் காட்டுவது சண்டை மூட்டிவிடுவதுதான்.

மறுநாள் அவனிடம் கேட்டபோது இன்னொன்று சொன்னான். பல கேம்களில் வெளியே தெரியும் பதக்கம் ஒன்று, யாரோடு யாரை மோத விடுவது என்று உள்ளே கணக்குப் போடும் எண் வேறொன்றாம். கம்ப்யூட்டரில் ஆடும் கேம்களிலும் இதே கதைதான். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் முதலில் எலோ எண்ணை நேராகவே காட்டியது, 2013-ல் அதை மூடிவிட்டுப் பதக்கங்களுக்கு மாறியது. ஸ்டார்கிராஃப்ட் 2 நேர் எதிர். 2010-ல் வந்தபோது எண்ணை மறைத்தது, 2016-ல் காட்ட ஆரம்பித்தது. ஓவர்வாட்ச் 5000 வரை எண் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. 2022-ல் ஓவர்வாட்ச் 2 வந்தபோது எண்ணை எடுத்துவிட்டு, ஏழு ஆட்டம் ஜெயித்தால் அல்லது இருபது ஆட்டம் தோற்றால்தான் உன் ரேங்க்கைச் சொல்வோம் என்றார்கள். ஆடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? 2024-ல் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஏறியதா இறங்கியதா என்று காட்டும்படி மாற்றினார்கள். காட்டியவன் மறைக்கிறான், மறைத்தவன் காட்டுகிறான், யாருக்கும் நிம்மதி இல்லை.

எனக்கு எரிச்சல் வருவது அந்தப் பதக்க வித்தையில்தான். முத்திரை 92.5 என்று இருக்கும், உருக்கினால் 70 வரும் என்றால் நம் கடைவீதியில் அதற்கு என்ன பேர்? சீசனுக்கு ஒரு முறை பதக்கத்தைக் கீழே இறக்கி வைப்பார்களாம், திரும்ப ஏற வேண்டுமாம். "ரேங்க் புஷ் பண்றேன்பா" என்று அருண் சொல்வது இதைத்தான். பையன் திறமை அந்த ஒரு ராத்திரியில் குறைந்துவிட்டதா? விடிய விடிய ஆட வைக்க ஒரு வழி, வேறென்ன. மறைப்பதானால் முழுசாக மறைக்கட்டும். காட்டுவதானால் உள்ளே இருக்கும் எண்ணையே காட்டட்டும், கூடவே இது ஐம்பது புள்ளி அப்படி இப்படி இருக்கலாம் என்றும் சொல்லட்டும்.

ஏற்காடு போகும்போது மச்சினனின் சின்னவனுக்கு அடிவாரம் தாண்டியதுமே வயிற்றைப் புரட்டியது. வளைவுக்கு வளைவு எண் எழுதி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பையன் தாக்குப்பிடித்தான். "மாமா, பதிமூணு முடிஞ்சுது, இன்னும் ஏழுதான்." எண் காட்டுவதால் நன்மையே இல்லை என்று யாராவது சொன்னால் அவனைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவேன். என்ன, அந்த மலைக்கு இருபது வளைவு, இருபதாவது முடிந்தால் ஊர் வந்துவிடும், டீ குடிக்கலாம். ரேட்டிங்குக்கு இருபதாவது வளைவு கிடையாது. கயலிடம் இதைச் சொல்லிப் பார்.

நாம் குகை டீக்கடைப் பெஞ்சில் கேரம் ஆடினோமே, அப்போது யாருக்கு ரேட்டிங் இருந்தது? ஆனால் யார் யாரைவிடப் பெரிய கை என்று தெருவுக்கே தெரியும். ஜெயித்தவன் உட்காருவான், தோற்றவன் எழுந்து டீ சொல்வான். நான் எத்தனை டீ சொல்லியிருக்கிறேன் என்று நீ மறந்திருக்க மாட்டாய். அன்றைக்கு எண் தேவைப்படவில்லை, ஏனென்றால் முகம் தெரியும். இன்றைக்கு முகம் தெரியாத ஆயிரம் பேரில் எனக்குச் சமமான ஒருவனைக் கம்ப்யூட்டர் தேடிக் கொடுக்க வேண்டும், அதற்கு எண் இல்லாமல் முடியாது. அந்த எண் என்னைப் பற்றியது. எனக்குத் தெரியக் கூடாது என்பது மட்டும் எனக்குச் சம்மதமில்லை. கேட்டால் காட்டட்டும், கேட்காதபோது என் மூக்கின் மேல் ஒட்ட வேண்டாம்.

கயலை வகுப்புக்குப் போ என்று நீ இப்போது வற்புறுத்தாதே. ஆடி முடிவதற்குள் இரண்டு பேரும் ஒரு ஞாயிறு வாருங்கள். சாயங்காலம் கடைவீதியில் தட்டுவடை செட், ராத்திரி மாடியில் செஸ். என் பழைய போர்டில் ஒரு வெள்ளை யானை தொலைந்துவிட்டது. பட்டறைப் பசங்கள் மிச்ச வெள்ளியில் ஒன்று வார்த்துக் கொடுத்திருக்கிறார்கள், கொஞ்சம் குட்டையாக, தும்பிக்கையோடு நிஜ யானை மாதிரியே. எத்தனை டச் என்று நான் பார்க்கவில்லை.

அன்புடன்,
சேகர்