எழுந்தவுடன் கண் இருட்டும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

உனக்கு லூபஸ் என்று தெரிந்ததிலிருந்து மூட்டு வலியைப் பற்றியும் சிறுநீரகப் பரிசோதனைகளைப் பற்றியும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம்; இந்த மயக்கத்தைப் பற்றி மட்டும் நீ தயங்கித் தயங்கியே சொல்கிறாய். பலவீனம், பயம், சரியாகச் சாப்பிடவில்லை என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிச் சொல்லி நீயும் அதை நம்பத் தொடங்கிவிட்டாயோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். லூபஸ் போல, உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் தன்னுடல் தாக்குநோய் உள்ள ஒருவர் நினைவிழந்து விழுந்தால், காரணத்தைத் தேடாமல் ஒதுக்கிவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. உடனே இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத் துடிப்பைச் சற்றுக் கூட்டி, மூளைக்குப் போகும் இரத்தம் குறையாமல் காப்பது தன்னியக்க நரம்பு மண்டலம். லூபஸ், கண்ணையும் வாயையும் உலர வைக்கும் ஜோக்ரன் போன்ற தன்னுடல் தாக்குநோய்களில் அந்த நரம்புகளும் தாக்கப்படலாம். நின்ற 3 நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்து அப்படியே நின்றால், அது நிலை மாறுவதால் வரும் அழுத்தக் குறைவு. சிலருக்கு அழுத்தம் அப்படிக் குறையாமலே, 10 நிமிடங்களுக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடிப் படபடப்பும் தலைச்சுற்றலும் தொடர்ந்து வருவதுண்டு. அதைப் போட்ஸ் என்கிறார்கள். படபடப்பைக் கண்டதும் மனப்பதற்றம் என்று முடிவு கட்டிவிடுவது இவர்களுக்குத்தான் அதிகம் நேர்கிறது. படுத்திருக்கும்போதும் நின்ற பிறகும் அழுத்தத்தையும் நாடியையும் அளந்து பார்க்கும்படி நீயே கேட்கலாம், தயங்காமல் கேள்.

மருந்துகளையும் மறந்துவிடாதே. நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவரின் அட்ரீனல் சுரப்பிகள், உடலுக்குத் தேவையான அதே வகை ஹார்மோனைத் தாமாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கின்றன; மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலோ, வாந்தியில் மாத்திரை தங்காமல் போனாலோ, அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியலாம். அந்த நாளில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், ஸ்டீராய்டு எடுப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். லூபஸுக்குத் தரப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சிலருக்கு இதயத்தின் மின்னோட்டத்தை மாற்றக்கூடும் என்பதால், மயக்கம் வந்தபின் இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது அவசியம். இரத்த சோகை இருக்கிறதா என்பதும் எளிய பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.

உப்பும் தண்ணீரும் அதிகம் எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று பலர் உன்னிடம் சொல்வார்கள். போட்ஸ் உள்ள பலருக்கு அது உதவுவது உண்மைதான். ஆனால் லூபஸால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கும், உயர் இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவருக்கும் அதே உப்பு தீங்கு செய்யும். உன் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடங்காதே.

கண் இருட்டிக் காது அடைப்பது போலத் தோன்றியதும், எங்கே இருந்தாலும் கூச்சப்படாமல் உடனே படுத்துக் கால்களை உயர்த்திக்கொள். படுக்க இடமில்லையென்றால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடைகளை இறுக்குவது சற்று நேரம் தாங்கும். விழுந்தவரைத் தூக்கி உட்கார வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மூளைக்கு இரத்தம் திரும்புவதை அது தாமதப்படுத்துகிறது என்று வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லி வை. படுத்திருக்கும்போதோ, உடல் உழைப்பின் நடுவிலோ, நெஞ்சு வலியோடோ, மூச்சுத் திணறலோடோ மயக்கம் வந்தால் அது அவசர நிலை. குறிப்பாக, இரத்தம் எளிதில் உறையும் தன்மை லூபஸ் உள்ளவர்களில் சிலருக்கு இருப்பதால், நுரையீரலில் உறைந்த இரத்தம் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

நினைவு தப்பிய நொடிகளில் கை கால் உதறியதாகச் சொன்னார்கள் அல்லவா? சாதாரண மயக்கத்திலும் சில நொடிகள் அப்படி உதறுவதுண்டு. ஆனால் லூபஸ் மூளையைத் தொட்டால் உண்மையான வலிப்பும் வரலாம். எவ்வளவு நேரம் உதறியது, முகம் வெளிறியதா, விழித்தவுடன் தெளிவாகப் பேசினாயா, நெடுநேரம் குழம்பியிருந்தாயா என்பதெல்லாம் பார்த்தவருக்குத்தான் தெரியும், உனக்குத் தெரியாது. அதனால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அன்று உன் பக்கத்தில் நின்றவரையும் கூட்டிக்கொண்டு வா. நானும் உடன் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா