பிடி அரிசியும் ஐந்து வெள்ளியும்

பிடோக், சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு வந்து சேர்ந்தது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்ததைப் படித்தபோது இங்கே என் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. உன் முழங்கால் வலி குறைந்ததில் பெரிய நிம்மதி. தென்காசிக்குப் புறப்படும் என் மைத்துனர் மகனிடம் கோடாலித் தைலம் நான்கு புட்டி கொடுத்துவிடுகிறேன். இரண்டு உனக்கு, இரண்டு தங்கைக்கு. போன முறை எல்லாவற்றையும் நீயே தேய்த்துக்கொண்டதாகத் தங்கை என்னிடம் தொலைபேசியில் முறையிட்டார்.

நான் ஏன் மூன்று மாதமாக எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். பேத்தி படிக்கும் மதரசாவின் நிதி திரட்டும் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். சேர்ந்த நாள் முதல் வேறு நினைப்பே இல்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டிவிட்டுப் போகக்கூடிய செய்தியும் இல்லை இது.

மதரசா என்றால் ஊரில் மாலை நேரத்தில் ஓதப் போவோமே, அதுபோன்றது என்று நினைத்துவிடாதே. இங்கே முழுநேர மதரசாக்கள் ஆறு இருக்கின்றன. மிகப் பழையது ஜாலான் சுல்தானில் 1912 இல் தொடங்கிய அல்சகோஃப். அல்ஜுனிட் 1927 இல் வந்தது. குர்ஆன், ஹதீஸ், அரபு மொழியோடு ஆங்கிலம், கணிதம், அறிவியல் எல்லாம் உண்டு. மற்றப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் அதே தேசியத் தேர்வுகளைத்தான் இவர்களும் எழுதுகிறார்கள். ஆறையும் முயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றம் கண்காணிக்கிறது. ஆனால் இவை தனியார் பள்ளிகள். அரசுப் பள்ளியின் செலவை அரசு ஏற்பதுபோல் இவற்றின் செலவை அது முழுமையாக ஏற்பதில்லை. சமயம் சாராத பாடங்களின் கற்பித்தல் தரத்தை உயர்த்த உதவுவதாக 2015 தேசிய தினப் பேருரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். அது நல்ல உதவி. இருந்தாலும் மாதாமாதம் அடுப்பு எரிய விறகு சமூகத்திடமிருந்துதான் வரவேண்டும். பள்ளிக் கட்டணம், ஜகாத் என்னும் கட்டாயக் கொடையில் ஒரு பங்கு, நன்கொடை என்று மூன்று கால்களில் நிற்கிறது வண்டி.

எங்கள் பள்ளியில் உயர்நிலை வகுப்புகள் பெருகிக்கொண்டே வருகின்றன. இடம் கேட்டு வரும் பெற்றோருக்குப் பதில் சொல்லி மாளவில்லை. பிள்ளைகள் கூடினால் வகுப்பறை வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியர் வேண்டும். இந்தக் கடைசித் தேவையைப் பற்றித்தான் உன்னிடம் கொட்டித் தீர்க்க வேண்டும்.

சுப்பையா, கட்டடத்துக்குப் பணம் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். சம்பளத்துக்குக் கொடுக்கத்தான் ஆளைத் தேடவேண்டியிருக்கிறது. கட்டடம் கண்ணுக்குத் தெரியும். அதைத் தொட்டுப் பார்க்கலாம். வாசலில் பெயர் பொறிக்கலாம். வேதியியல் ஆசிரியைக்கு ஆகஸ்ட் மாதச் சம்பளம் கொடுத்ததை எந்தச் சுவரில் பொறிப்பது?

மே மாதக் கடைசியில், பள்ளி விடுமுறைக்கு முந்திய நாள், அந்த ஆசிரியை விடைபெற்றுப் போனார். வேறு இடத்தில் கூடுதல் சம்பளம், வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள், யாரும் குறை சொல்ல முடியாது. நான் கணக்குப் புத்தகம் வாங்கப் போனபோது அவர் ஆய்வுக்கூடத்தில் தனியாக நின்றிருந்தார். அலமாரியில் உள்ள ஒவ்வொரு புட்டிக்கும் புதிய ஒட்டுச்சீட்டு எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். பழைய சீட்டுகளில் மை மங்கிவிட்டதாம். அடுத்து வருபவர் அமிலத்தையும் காரத்தையும் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்றார். முத்து முத்தான கையெழுத்து. ஒவ்வொரு சீட்டின் மேலும் தெளிவான ஒட்டுநாடாவை வைத்துக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தார், ஈரம் இறங்காமல் இருக்க. நாற்பது புட்டிக்கு மேல் இருக்கும். நான் பேசாமல் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்த அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில், ஆய்வுக்கூடம் கட்டப் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் பளிங்கில் பளபளக்கின்றன.

பெயர் பொறிப்பதை நான் பழிக்கவில்லை. அல்சகோஃப், அல்ஜுனிட் என்று பள்ளிகளே கொடுத்த குடும்பங்களின் பெயரைத்தானே தாங்கி நிற்கின்றன? அந்தக் காலத்தில் அவர்கள் சொத்தை வக்ஃபு எழுதிவைத்தார்கள். சொத்து அப்படியே இருக்கும். அதன் வருமானம் ஆண்டாண்டாக அறத்துக்குப் போகும். உங்கள் பக்கத்தில் கோயிலுக்கு நிலம் எழுதிவைத்து அந்தக் குத்தகையில் விளக்கெரித்தார்களே, அதே ஏற்பாடுதான். கட்டியவர்களுக்கு எண்ணெய்க்கும் வழி செய்துவைக்கத் தெரிந்திருந்தது. இன்று விளக்கை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறோம்.

நாணய மாற்றுக் கடை வைத்திருக்கும் ஒருவர், நம் ஊர்ப் பக்கத்துக்காரர்தான், புதிய மண்டபத்துக்குத் தம் தகப்பனார் பெயரை வைத்தால் பெருந்தொகை தருவதாகச் சொல்லியனுப்பினார். பார்க்க நான் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து மலேசிய ரிங்கிட் கட்டுகளை எண்ணிக்கொண்டே பேசினார். எண்ணிக்கையும் தவறவில்லை, பேச்சும் தவறவில்லை. “மாமா, மண்டபத்துக்குப் பதிலாக உங்கள் வாப்பா பெயரில் ஓர் ஆசிரியருக்கு மூன்று ஆண்டுச் சம்பளம் கொடுங்களேன்” என்றேன். பணக்கட்டை மேசையில் வைத்தார். “தம்பி, மூன்று ஆண்டு கழித்து வாப்பா பெயர் எங்கே இருக்கும்?” என்று கேட்டார். எண்பது வயதுக்காரர் எழுபது வயதுக்காரனைத் தம்பி என்று அழைத்துக் கேட்ட அந்தக் கேள்விக்கு அங்கே எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வருகிறது: அந்த ஆசிரியரிடம் படித்த பிள்ளைகளிடம் இருக்கும். மண்டபப் பணத்தைக் குழு ஏற்றுக்கொண்டது. அது சரியான முடிவுதான், மண்டபமும் தேவையே. ஆனால் நான் அவரை விட்டுவிடப் போவதில்லை. இன்னொரு முறை போவேன்.

இந்த இடத்தில்தான் உன் பழைய கடிதம் ஒன்று கைகொடுத்தது. விருதுநகரில் காமராசர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலையைப் பற்றி எழுதியிருந்தாய், நினைவிருக்கிறதா? நாடார் வீட்டுப் பெண்கள் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்ததையும், அந்தப் பிடி அரிசியைத் திரட்டியே பள்ளியை நடத்தியதையும் எழுதியிருந்தாய். அந்தத் தாளை எடுத்து மறுபடி படித்தேன். ஒரே நாளில் ஒரு மூட்டை கேட்டால் வீடு தாங்காது. தினம் ஒரு பிடி என்றால் சோறு குறைந்ததே தெரியாது. மூட்டை வந்தால் ஒரு மாதம் ஓடும். பிடி வந்துகொண்டே இருந்தால் பள்ளி ஓடும்.

சிங்கப்பூரிலும் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1975 இல் பள்ளிவாசல் கட்டட நிதி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். முஸ்லிம் ஊழியர் ஒவ்வொருவர் சம்பளத்திலும் மாதம் 50 காசு. நீ ஊருக்குப் போய் இரண்டு மூன்று ஆண்டு ஆகியிருந்தது. நான் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தேன், சம்பளச் சீட்டில் அந்த 50 காசைப் பார்த்தது கண்ணில் நிற்கிறது. அந்தக் காசில் எழுந்த முதல் பள்ளிவாசல் தோ பாயோவில் உள்ள முஹாஜிரின். அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோனவர்களுக்குப் பக்கத்தில் தொழ இடமில்லாமல் இருந்த காலம் அது. பிறகு வந்த புதிய நகர்ப் பள்ளிவாசல்கள் பலவும் அப்படி எழுந்தவைதான். இன்று அந்தப் பிடித்தம் சம்பளத்துக்கு ஏற்ப 3 வெள்ளி முதல் 26 வெள்ளி வரை இருக்கிறது. மலாய் முஸ்லிம் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் மெண்டாக்கி அமைப்புக்கும் சமயக் கல்விக்கும் அதில் பங்கு போகிறது.

ஆகவே குழுக் கூட்டத்தில் எழுந்து, ஒரு குடும்பம் மாதம் ஐந்து வெள்ளி, வங்கி ஜிரோ வழியாகத் தானாகவே வரட்டும், அது முழுவதும் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும் என்று சொன்னேன். குழுவில் என்னைத் தவிர எல்லோரும் மலாய்க்காரர்கள். பிடி அரிசியை மலாயில் ‘செகெங்காம் பெராஸ்’ என்று சொல்லி, கையை மடக்கிக் காட்டினேன். மூலையில் இருந்த வயதான உஸ்தாத், அதாவது சமய ஆசிரியர், தம் கையையும் அப்படியே மடக்கினார். கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், தம் தாயார் சூராவ் என்னும் சிறு தொழுகைக் கூடத்துக்காக இப்படித்தான் ஒரு பிடி எடுத்துவைப்பார் என்றார். அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை. திட்டத்துக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

வேலை எளிதாக இல்லை. இங்கே நினைத்தபடி தெருவில் உண்டியல் ஏந்த முடியாது, அனுமதி வேண்டும். திரட்டும் செலவு திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் விதி. இரண்டுமே நல்ல விதிகள். கொடுப்பவனுக்குத் தன் காசு எங்கே போகிறது என்று தெரியவேண்டும். பிரியாணிக் கூப்பன் விற்றோம். சமைத்துத் தர ஒப்புக்கொண்ட சமையல்கூடம் ஒன்றரை மணி நேரம் தாமதமாக அனுப்பியது; வெயிலில் வரிசையில் நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டே என் தொண்டை கட்டிப்போனது. அடுத்த முறை நம் ஊர்ச் சமையற்காரர், பண்டாரி ஒருவரைத்தான் பிடிக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை வசூலுக்கு ஒரு பள்ளிவாசலில் அனுமதி கிடைத்தது. ஜும்ஆ முடிந்ததும் மாடியில் பாய் விரித்துப் பெட்டியைக் கொட்டினோம். பெட்டியைத் திறக்க இருவர், எண்ண நால்வர், கையெழுத்துப் போட இருவர். இரண்டு வெள்ளித் தாளை நான்காக, எட்டாக மடித்துப் போட்டிருக்கிறார்கள். பாலிமர் தாள் அல்லவா, பிரித்து அடுக்கினாலும் படியாது. கட்டு கட்டும்வரை உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். நடுவில் மலேசியக் காசு, ஒரு சட்டைப் பொத்தான். சில்லறையைக் கொண்டுபோனால் எண்ணித் தர வங்கி கட்டணம் பிடிக்கிறது. அதனால் பக்கத்துக் கடைக்காரர்களிடம் கொடுத்துத் தாளாக மாற்றிக்கொண்டோம். கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் பேநவ் வந்தபின் பெட்டியில் விழுவது குறைந்துவிட்டது என்கிறார்கள். எனக்கென்னவோ அந்தக் காசின் ஓசைதான் பிடித்திருக்கிறது.

அதைக் கேட்கும்போது பாட்டியின் நினைவு வந்துவிடும். தஞ்சோங் பகாரில் மசாலா அரைத்துக் கொடுத்த கை அது. மஞ்சள் கறை கடைசிவரை போகவில்லை. அந்தக் கையால் நம் பள்ளிக்கும் காசு கொடுத்திருக்கிறார். 1946 இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய உமறுப்புலவர் பள்ளி அவ்வாறு கொடுத்தவர்களால்தான் நின்றது. உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து மேக்ஸ்வெல் ரோட்டில் நமக்கு இடம் தந்தபோது நீ இந்துப் பிள்ளை, நான் முஸ்லிம் பிள்ளை என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தமிழிலேயே இயற்பியல் படித்தோம். சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளி. பிள்ளைகள் குறைந்து 1982 இல் மூடினார்கள். அன்று நான் வாசல்வரை போய்விட்டு உள்ளே போகாமல் திரும்பினேன், இதுவரை உனக்குக்கூட எழுதியதில்லை. கொடுத்தவர்கள் குறையவில்லை, சுப்பையா. படிக்க வந்தவர்கள்தான் குறைந்துபோனார்கள். இப்போது என் கண்ணெதிரே, பிள்ளைகள் வாசலில் நிற்கும் ஒரு பள்ளிக்கு ஆசிரியர் இல்லை என்றால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

பேத்தி நன்றாகப் படிக்கிறாள். பள்ளியில் தாய்மொழிப் பாடம் மலாய். தமிழை வீட்டில் நான் சொல்லித் தருகிறேன். உன் கடிதத்தை அவளைத்தான் உரக்கப் படிக்கச் சொன்னேன். ‘சாரல்’ என்றால் என்ன என்று கேட்டாள். விளக்கிப் பார்த்தேன், அவளுக்கு மழை என்றே புரிந்தது. அது மழை இல்லை என்று நீதான் ஒருநாள் அவளுக்குச் சொல்லவேண்டும்.

இதுவரை நானூறு குடும்பங்களுக்கு மேல் படிவம் நிரப்பித் தந்திருக்கிறார்கள். புதிய வேதியியல் ஆசிரியருக்கு விளம்பரம் கொடுத்துவிட்டோம். ஒன்று கேட்கிறேன், மறக்காமல் செய். பிடி அரிசி எடுத்துவைக்கும் பழைய கலயம் எதுவும் உங்கள் பக்கத்து வீடுகளில் இன்னும் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு. படிவத்தின் மேல்பக்கத்தில் அச்சடிக்க வேண்டும். பேரனிடம் சொன்னால் எடுத்துத் தருவான். நீ எடுத்தால் உன் கட்டைவிரல்தான் படத்தில் விழும்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்
மைதீன்